தொட்டியில கொத்து ரோஸ்: நல்லா பாத்துக்கறவங்க பண்ற தப்புங்க

"வாங்கும்போது செடி பூரா பூவா இருந்துச்சுங்க, மாடிக்கு வந்த அப்புறம் ஒரு மொட்டுகூட வைக்கல." இதை சொல்றவங்க யாரும் செடியை கவனிக்காம விட்டவங்க கிடையாது, தினமும் காலையில போய் பார்த்து தண்ணி ஊத்தி உரம் போட்டு இலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கறவங்கதான். கொத்து ரோஸ், அதாவது ஃப்ளோரிபண்டா, நிஜமாவே கெட்டியான செடி. நூறு வருஷத்துக்கு முன்னாடி டென்மார்க்ல பால்சன்னு ஒரு நர்சரிக் குடும்பம், குட்டையா கொத்து கொத்தா பூக்குற பாலியாந்தா வகையையும் பெரிய பூ வைக்குற ஹைப்ரிட் டீயையும் சேர்த்து, குளிர் தாங்கணும், அடிக்கடி பூக்கணும்னு உருவாக்கின ஜாதி இது. சும்மா சாகாது, நாமதான் சாகடிக்கிறோம், அதுவும் பெரும்பாலும் முதல் ரெண்டு மாசத்துலயே.

முதல்ல வாங்குற இடத்துலயே ஆரம்பிக்குது. பூவைப் பார்த்து செடி வாங்காதீங்க. அந்தப் பூவெல்லாம் ஓசூர், பெங்களூரு பக்கத்து குளிருலயும் பண்ணை உரத்துலயும் வந்தது, உங்க வீட்டுல ஒரு வாரத்துல உதிரப்போகுது. அடித்தண்டைப் பாருங்க, ஒட்டுக் கட்டின இடத்துக்கு (வேற ஒரு ரோஸோட வேர்த்தண்டுல இந்த ரகத்தைச் சேர்த்த இடம்) மேல பென்சில் தடிமனுக்கு ரெண்டு மூணு கிளை பச்சையா இருந்தா போதும், பூவே இல்லாட்டியும் அதை எடுங்க. அப்புறம் "பட்டன் ரோஸ்"னு சொல்லி குடுக்குறது பெரும்பாலும் மினியேச்சர், அது வேற. இன்னொரு பக்கம் ஐஸ்பெர்க் வெள்ளை ரோஸ் (ஜெர்மனியில கோர்டெஸ் 1958ல வெளியிட்டது, நம்ம ஊர் வெயிலையும் நல்லாவே தாங்குது) ஃப்ளோரிபண்டாதான், ஆனா மூணு நாலு அடி போகும், சின்ன பால்கனி கிரில் ஓரத்துல வைக்குற செடி இல்லை. ரெண்டு அடியில அடங்குற ரகமா வேணும்னு கேட்டு வாங்குங்க, கூடவே ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் விழுற இடம் இருக்கான்னு முன்னாடியே பார்த்துக்கோங்க, அது இல்லாட்டி எந்த உரமும் பூ குடுக்காது.

இப்போ முக்கியமான விஷயம், அந்த களிமண் உருண்டை. நர்சரி கவரைக் கிழிச்சா உள்ள வேரைச் சுத்தி செம்மண்ணோ கறுப்புக் களியோ கெட்டியா பிடிச்சு வச்சிருப்பாங்க, லாரியில வரும்போது உதிராம இருக்கறதுக்கு. நம்மாளு என்ன பண்றார்னா, அன்னைக்கே கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்), மண்புழு உரம் எல்லாம் கலந்து பஞ்சு மாதிரி மண் ரெடி பண்ணி, அதுக்கு நடுவுல இந்தக் கல்லு உருண்டையை அப்படியே இறக்கிடுறார். தண்ணி ஊத்தினா அது சுத்தியிருக்கற லூஸ் மண்ணு வழியா கீழ இறங்கிடும், நடுவுல உருண்டை காஞ்சே கிடக்கும், வேர் பூரா அதுக்குள்ளதான் இருக்கு. செடி வாடுது, மேல தொட்டா மண் ஈரம், சரி தண்ணி பத்தலன்னு இன்னும் ஊத்துறார், வெளிய எட்டிப் பார்த்த நாலு புது வேரும் அழுகிடுது. மூணாவது வாரம் கிளை நுனியில இருந்து கறுத்துட்டு வரும். இதுக்கு அப்புறம் எந்த மருந்து அடிச்சும் பிரயோஜனம் இல்லை.

என்ன பண்ணலாம்னா, வாங்கின செடியை கவரோடவே ஒரு வாரம் பத்து நாள், காலை வெயில் மட்டும் படுற இடத்துல விடுங்க, வெறும் தண்ணி போதும். அப்புறம் ஒரு பக்கெட் தண்ணியில கவரோட அரை மணி நேரம் முக்கி வச்சு, நீர்க்குமிழி வர்றது நின்னதும் கவரைக் கழட்டி, தண்ணிக்குள்ளயே விரலால ஓரத்து களியை மட்டும் மெதுவா கரைச்சு விடுங்க. மூணுல ஒரு பங்கு போனா போதும், நடு உருண்டையை நோண்டாதீங்க. ஒட்டுக் கட்டின இடத்துல பிளாஸ்டிக் நாடா இருக்கும், அது தண்டை இறுக்கிட்டு இருந்தா பிளேடால மெல்ல கீறி எடுத்துடுங்க. ஏப்ரல், மே மாசத்துல இந்த வேலையே வேண்டாம், கத்திரி முடியட்டும்.

தொட்டி 12 இஞ்ச், முடிஞ்சா 14 இஞ்ச், ஆழமும் அதே அளவு. 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டே போதும், ஆனா அடியில மட்டும் ஓட்டை போடாம பக்கவாட்டுல அடியை ஒட்டி நாலஞ்சு ஓட்டை போடுங்க, இல்லாட்டி மாடித் தரையோட ஒட்டி ஓட்டை அடைச்சுக்கும். வெறும் சிமெண்ட் தரையில வைக்காம ரெண்டு செங்கல் மேல தூக்கி வைங்க, மே மாசம் மத்தியானம் அந்தத் தரையில நீங்களே செருப்பில்லாம நிக்க முடியாது. வடியுற தண்ணிக்கு தட்டு வச்சா வேர் அழுகும், கொசுவும் வரும்.

அடுத்தது கிச்சன் வைத்தியம். டீத்தூள், முட்டை ஓடு, வாழைப்பழத் தோல் ஊறின தண்ணி, வெங்காயத் தோல் தண்ணி, அரிசி கழுவின தண்ணி, இதெல்லாம் வாரம் ஒண்ணா ஒரே தொட்டியில போயிட்டிருக்கும். பால், சர்க்கரை போட்ட டீத்தூளைக் கழுவாம போட்டா எறும்பு வரும், எறும்பு பின்னாடியே மாவுப்பூச்சி வரும், ஏன்னா அதுங்க விடுற இனிப்புக்காக எறும்பே அதுங்களை காபந்து பண்ணும். முட்டை ஓடு சுண்ணாம்புதான். நிறைய வீட்டுல போர் தண்ணியே உப்பும் சுண்ணாம்புமா இருக்கு, ரோஸுக்கு மண்ணு லேசா புளிப்பு பக்கம், பிஎச் 6ல இருந்து 6.5 வரைக்கும் இருந்தா நல்லது. தண்ணி ஏற்கனவே எதிர்ப்பக்கம் இழுக்கும்போது நாமளும் சுண்ணாம்பு சேர்த்தா மண்ணுல இரும்புச் சத்து இருந்தும் செடியால எடுக்க முடியாது.

அதனால இலை மஞ்சளானா உடனே எப்சம் சால்ட் (மெக்னீசியம் உப்பு)னு ஓடாதீங்க, எந்த இலைன்னு பாருங்க. நுனியில புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா இருந்தா இரும்பு, அதுக்கு செலேட்டட் அயர்ன் (செடி சுலபமா எடுத்துக்கற இரும்புச் சத்து) கடையில கிடைக்கும். அடியில இருக்கற பழைய இலையில நரம்புக்கு நடுவுல மஞ்சளானா மெக்னீசியம், அப்போதான் எப்சம். மஞ்சளோட ஓரம் பிசிறடிச்ச கறுப்பு வட்டம் இருந்தா அது சத்துக் குறையே இல்லை, கரும்புள்ளி நோய். இந்தப் பூஞ்சை முளைக்க இலை ஏழு மணி நேரம் வாக்குல தொடர்ந்து ஈரமா இருக்கணும், சாயந்திரம் டியூப் பிடிச்சு செடியைக் குளிப்பாட்டினா அந்த ஈரத்தை நாமளே ராத்திரி முழுக்க குடுக்கறோம். காலையில, மண்ணுக்கு மட்டும் ஊத்துங்க. விழுந்த இலையைப் பொறுக்கிடுங்க, அதை மல்ச்சிங்னு (மண்ணு மேல மூடாக்கா) அங்கயே போடறது வேண்டாம்.

வெயில் காலத்துல மட்டும் ஒரு விதிவிலக்கு. இலை மேல தூசி படிஞ்ச மாதிரி வெளிறி, அடியில மெல்லிசா வலை தெரிஞ்சா சிலந்திப்பேன். அது எட்டுக்கால் ஜாதி, சாதாரண பூச்சி மருந்துக்கு அசராது, அதைத் தின்னுற நல்ல பூச்சிங்கதான் செத்துப்போகும். விடியக்காலையில இலைக்கு அடியில தண்ணியை ஃபோர்ஸா அடிங்க, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை, ஒரு வாரம். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்பு கலந்து சாயந்திரம் அடிக்கலாம், உச்சி வெயில்ல அடிச்சா இலை பொசுங்கிடும்.

உரம் பத்தி நீட்டி சொல்ல ஒண்ணுமில்லை. மாசம் ஒரு கைப்பிடி மண்புழு உரம், ஒரு ஸ்பூன் வேப்பம்புண்ணாக்கு, வேணும்னா 15 நாளைக்கு ஒரு தடவை 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து சம அளவுல இருக்கற, தண்ணியில கரையுற உரம்) லிட்டருக்கு 2 கிராம். காஞ்ச மண்ணுல உரத்தண்ணி ஊத்தாதீங்க, முதல்ல வெறும் தண்ணி. பூக்கலன்னு கோவத்துல டிஏபி ரசாயன உரத்தை அள்ளிப் போட்டு இலை ஓரம் கருகினா அது உரத்தோட உப்பு மண்ணுல சேர்ந்ததால, அடியில வடியுற வரைக்கும் ரெண்டு மூணு தடவை நல்ல தண்ணி விட்டு கழுவுங்க.

வெட்டுறதுல ஹைப்ரிட் டீ வளர்த்த பழக்கத்தோட வர்றவங்க நிறைய பேர் தடுமாறுறாங்க. அதுல காம்புக்கு ஒரு பூ, வாடினா வெட்டலாம். கொத்து ரோஸ்ல நடு மொட்டு முதல்ல விரியும், முதல்லயே வாடும், அப்போ சுத்தி இன்னும் ஆறேழு மொட்டு பச்சையா நிக்கும். வாடினது ஒண்ணைப் பார்த்துட்டு கொத்தையே வெட்டிட்டு "பூவே தங்க மாட்டேங்குது"ன்னா எப்படி? வாடின பூவை மட்டும் நகத்தால கிள்ளுங்க, கொத்து முழுக்க முடிஞ்ச அப்புறம், கீழ வர்ற முதல் அஞ்சிலைக்கு (ஒரே காம்புல அஞ்சு சின்ன இலை இருக்கற இலை) கால் இஞ்ச் மேல சாய்வா வெட்டுங்க, ஆறேழு வாரத்துல அடுத்த கொத்து வரும். கொத்துல எல்லாம் ஒண்ணா விரியணும்னா நடு மொட்டை பட்டாணி அளவுலயே கிள்ளிடுங்க, கண்காட்சிக்கு வளர்க்கறவங்க இதைத்தான் பண்றாங்க.

வருஷ கவாத்தை (கிளைகளை வெட்டிக் குறைக்கிறதை) அடைமழையில பண்ணாதீங்க, வெட்டின வாய்ல தண்ணி இறங்கி நுனிக்கருகல் வந்துடும். சென்னைப் பக்கம் மழை விட்டதும், செடியில பாதி உயரம் வரைக்கும் எடுத்துட்டு, வெட்டின இடத்துல காப்பர் ஆக்சிகுளோரைடு (பூஞ்சை மருந்து) பசை தடவிடுங்க.

அப்புறம் சிலர் ஒரு நாள் பூரிச்சுப்போய் காட்டுவாங்க, "பாருங்க, அடியில இருந்து ஒரு கிளை எப்படி சீறிட்டு வருது"ன்னு. அது ஒட்டுக்கு மேல இருந்து வந்திருந்தா தங்கம், தொடவே தொடாதீங்க. ஒட்டுக்கு கீழ இருந்தோ மண்ணுக்குள்ள இருந்தோ வந்திருந்தா அது அடியில வேருக்காக வச்ச வேற ரோஸோட காட்டுக்கிளை, விட்டா உங்க கொத்து ரோஸை ஓரம்கட்டிட்டு தொட்டியைப் பிடிச்சுக்கும். ஏழு இலை இருந்தா காட்டுக்கிளைன்னு சொல்றதை நம்பி வெட்டிடாதீங்க, சில நல்ல ரகத்துலயும் ஏழு இலை வரும். மண்ணை விலக்கி எங்க இருந்து கிளம்புதுன்னு பார்த்துட்டு, காட்டுக்கிளைதான்னா கத்திரிக்கோல் வேண்டாம், அடியோட பிடிச்சு கீழ் பக்கமா இழுத்துப் பிச்சு எடுங்க, வெட்டிவிட்டா அதே இடத்துல ரெண்டா வரும்.