எஸ்ஓபியில் இல்லாததைப் புது சூப்பர்வைசர் கற்றுக்கொள்வது எப்படி

பினாங்கின் பாயான் லெப்பாஸில், சர்க்யூட் போர்டில் சின்னச் சின்ன பாகங்களைப் பொருத்தும் எங்கள் எஸ்எம்டி லைனுக்குப் புதிதாக வரும் சூப்பர்வைசர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்: எஸ்ஓபியை (வேலையை எப்படிச் செய்வது என்று எழுதிய தாளை) முழுக்கப் படியுங்கள். ஆனால் லைனை எப்போது நிறுத்துவது என்பது பாதிதான் அதில் இருக்கும்.

பாகங்களைப் போர்டோடு பற்றவைக்கும் சோல்டர் பேஸ்ட்டையே பாருங்கள். எத்தனை டிகிரியில் வைப்பது, வெளியே எடுத்து எவ்வளவு நேரம் கழித்துத் திறப்பது, எல்லாம் தாளில் உண்டு. பேஸ்ட்டைப் போர்டில் பூசும் பிரிண்டரில் ஸ்க்வீஜி (தள்ளும் தகடு) தள்ளும்போது அது உருண்டு வர வேண்டும் என்றுகூட எழுதியிருக்கும். உருளுவது எந்த அளவுக்கு மந்தமானால் கவலைப்பட வேண்டும் என்பது இருக்காது. பிரிண்டர் பக்கத்தில் பல வருடம் நின்றவர்களுக்கு (தமிழ் அக்காவோ, மலாயில் அக்காவைச் சொல்லும் 'காக்'கோ) அது ஓரக்கண்ணிலேயே பிடிபடும். "எப்படிக்கா தெரியுது?" என்று பொதுவாகக் கேட்டால், "பார்த்தா தெரியும்மா" என்பதோடு சரி. நடந்த ஒன்றைப் பிடித்துக் கேளுங்கள்: "நேத்து ராத்திரி நிறுத்தினீங்களே, அதுக்கு முன்னாடி எதைப் பார்த்தீங்க? இன்னும் கொஞ்சம் ஓட்டலாம்னு தோணலையா?" இரண்டாவது கேள்வியில்தான் சரக்கு வெளியே வரும். ஆபீசில் உட்காரவைத்துக் கேட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும். ஷிஃப்ட் மாறும்போது மெஷின் பக்கத்திலேயே கேளுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன நோட்டு. ஷிஃப்ட் தொடங்குமுன் இன்று எங்கே சிக்கல் வரும், ஏன் என்று எழுதுங்கள். மழையில் பினாங்குப் பாலம் நெரிசலானால் அக்கரையில் உள்ள பிறையிலிருந்து வரும் ஃபேக்டரி பஸ் தாமதமாகும். எந்த ஸ்டேஷன் காலியாகும்? முடிவில் ஒப்பிட்டுப் பாருங்கள். எழுதாவிட்டால் "நான் அப்பவே நினைச்சேன்" என்று மனசு கதை கட்டும். விடை தெரிந்தபின் எல்லாம் முன்பே தெரிந்த மாதிரி தோன்றுவதை உளவியலாளர் பாரூக் ஃபிஷ்ஹாஃப் 1975-லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்.

எல்லா வேலையிலும் இப்படிக் கண் பழகாது. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி கிளைனும் 2009-ல் சேர்ந்து எழுதிய கட்டுரையில், உள்ளுணர்வை நம்ப இரண்டு வேண்டும் என்கிறார்கள்: விஷயத்தில் ஓர் ஒழுங்கு, பிசகினால் அதைத் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும் விளைவு. பிரிண்டரில் இரண்டும் உண்டு. ஆள் எடுப்பதில்? நீங்கள் வேண்டாமென்று அனுப்பியவர் வேறு கம்பெனியில் எப்படி வேலை செய்கிறார் என்பது உங்கள் காதுக்கு வரப்போவதே இல்லை. ஆகவே இண்டர்வியூவில் "முகத்தைப் பார்த்தே சொல்லிடுவேன்" வேண்டாம். எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே மார்க் தாள். எனக்கும் அது சலிப்புதான். இருந்தாலும் பேச ஆரம்பிக்கும் முன்பே தாளை மேசையில் வைத்துவிடுவேன்.