படி இறங்கும்போது சிறுநீர் கசிகிறதா? நான் செய்தது இது

நல்லதண்ணிப் பக்கமாகப் போனால் சிவனொளிபாத மலைக்குக் கிட்டத்தட்ட 5,500 படி. ஏறும்போது மூச்சு மட்டும்தான் வாங்கியது. இறங்கும்போதுதான் மானம் போனது. கால் ஊன்ற ஊன்ற சொட்டுச் சொட்டாகக் கசிந்தது. நல்லவேளை, மழை தூறி எல்லோருமே நனைந்திருந்தார்கள்.

எனக்கு 44 வயது, இரண்டு பிள்ளைகள், ஹட்டன் பக்கம் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. "புள்ள பெத்தா அப்படித்தான்" என்றார் அம்மா. கொழுந்துக்கூடையோடு மலை ஏறி இறங்கியவர் அவர். அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்குக் கிளினிக்கில் மிட்வைஃப் அக்கா இதற்கு ஒரு பயிற்சி சொல்லித் தந்தார்.

இடுப்புக்கு அடியில் தொட்டில் சேலை மாதிரி ஒரு தசை சிறுநீர்ப்பையைத் தாங்குகிறது. பிரசவத்தில் அது தளர்ந்துவிடும். எந்தத் தசை என்று பிடிபடத்தான் நாளானது. நெரிசலான பஸ்ஸில் காற்றுப் பிரிய வந்தால் எப்படி அடக்குவீர்கள்? அதே இறுக்கம்தான். சிறுநீரையும் சேர்த்து அடக்குவதுபோல் உள்ளே, மேலே இழுக்க வேண்டும். வயிறு, தொடை, பிட்டம் எல்லாம் சும்மா இருக்க வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. (முதல் வாரம் முழுக்க நான் பிட்டத்தைத்தான் இறுக்கிக்கொண்டிருந்தேன்.) சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகாதீர்கள், பை சரியாகக் காலியாகாது.

இறுக்கி, முடிந்த அளவு பிடித்து, முழுதாகத் தளர்த்துங்கள். மெல்ல மெல்ல 10 விநாடி வரை கூட்டலாம். ஒரு தடவைக்கு 8 முறை, நாளுக்கு 3 வேளை. அப்புறம் சட்டுச்சட்டென்று சில இறுக்கம். காலையில் கேத்தல் கொதிக்கும் நேரம், பஸ், படுக்கை: இவைதான் என் வேளைகள். குறைந்தது 3 மாதம் விடாமல் செய்ய வேண்டும். இரண்டாம் மாதம்வரை ஒரு மாற்றமும் இல்லாமல் வெறுத்தே போனேன்.

தும்மல், இருமல், உயரமான படி எது வந்தாலும் அதற்கு ஒரு நொடி முன்னால் இறுக்கிக்கொள்ளுங்கள். தசை பலப்படும்வரை கயிறடிப்பதை விட்டு, நடந்தேன்.

தண்ணீரைக் குறைத்தது என் பெரிய பிழை. சிறுநீர் கடுத்து, இன்னும் முட்டியது. குறைக்க வேண்டியது தேத்தண்ணியைத்தான். தேயிலைக்குள் பிறந்தவளிடம் இதைச் சொன்னால் கோபம் வரும்; சரி, நடைக்கு முந்திய கோப்பையை மட்டும் விட்டேன். மலச்சிக்கலையும் கவனியுங்கள், முக்க முக்கத் தசை இன்னும் தளரும்.

மாதவிடாய்ப் பேட் இதற்குச் சரிவராது. சிறுநீர்க் கசிவுக்கென்றே உள்ளதை ஃபார்மசியில் கேளுங்கள். சிறுநீரில் எரிச்சல், இரத்தம், கீழே ஏதோ இறங்குவது போன்ற பாரம் இருந்தால் வைத்தியரைப் பாருங்கள். 3 மாதம் செய்தும் குறையாவிட்டாலும் போக வேண்டும்.

இந்த சீசனில் மறுபடி மலைக்குப் போனேன். மாற்று உடுப்பை மடித்த மடிப்புக் கலையாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பேட் மட்டும் கொஞ்சம் ஈரம்.