கேஸ் சென்சார் ரெண்டு நாள்ல செத்துப்போனது ஏன்னு கண்டுபிடிச்சேன்

ஒருவழியா பிடிச்சுட்டேன், ஒரு வாரம் போச்சு. கிச்சனுக்கு நானே செஞ்ச எல்பிஜி அலாரம், உள்ள எம்க்யூ-2ங்குற கேஸ் சென்சார், டேபிள்ல திறந்து வச்சப்ப லைட்டர் கேஸ் பட்டதும் ரீடிங் ஜிவ்வுனு ஏறும், பெட்டில போட்டு மூடி ரெண்டு நாள் ஆனதும் கிட்ட கேஸ் விட்டாலும் அசையல. சென்சாருக்குள்ள இருக்குற குட்டி ஹீட்டருக்கு 5 வோல்ட் சரியா வருது, தொட்டா சூடு இருக்கு, சென்சாரோட சீரீஸ்ல இருக்குற லோட் ரெசிஸ்டர் மாத்தினேன், ப்ரோக்ராம் கோட் மாத்தினேன், புது சென்சார் போட்டேன், அதுக்கும் அதே கதி.

மூடிய திறந்தப்ப வினிகர் மாதிரி வாசனை. ஓரத்துல பூசின சிலிகோன் சீலன்ட்! வாசனை அசிட்டிக் ஆசிட்தான், அது இல்ல பிரச்சனை, கூட வர்ற சிலிகோன் ஆவி. சென்சார்ல இருக்குறது டின் ஆக்சைடு, சூடான அதோட மேற்பரப்புல காத்துல உள்ள ஆக்சிஜன் ஒட்டி எலக்ட்ரானைப் பிடிச்சு வச்சுக்கும், ரெசிஸ்டன்ஸ் ஏறும், கேஸ் வந்தா அந்த ஆக்சிஜனோட சேர்ந்து எரிஞ்சு எலக்ட்ரான் திரும்பிடும், ரெசிஸ்டன்ஸ் இறங்கும், அதனாலதான் ரீடிங் ஏறுது. சிலிகோன் ஆவி அங்கயே ஒட்டி சூட்டுல சிலிகாவா (மணல்ல இருக்குற அதே பொருள்) படிஞ்சா அந்த இடம் போச்சு, எவ்வளவு சூடு பண்ணாலும் வராது.

சீலன்ட் பட்ட பெட்டியவே தூக்கிப் போட்டுட்டு ஸ்க்ரூ மூடி வச்ச பெட்டி, இன்னொரு புது சென்சார், 48 மணி நேரம் ஹீட்டர ஓட விட்டு அப்புறம்தான் அலாரம் அடிக்கிற அளவு செட் பண்ணேன். மூணு வாரமாச்சு, லைட்டர் காட்டுனா உடனே அடிக்குது.