மல்டிவேரியபிள் கால்குலஸ்: வீட்டுக்கணக்கும் குழு புராஜெக்டும்

வீட்டுக்கணக்கைக் கையில் எடுத்ததும் தொகையிட (இன்டெக்ரேட் செய்ய) தொடங்காதீர்கள், முதலில் படம் வரையுங்கள். இ-யின் அடுக்கு எக்ஸ் ஸ்கொயர், எக்ஸ் ஒய்-யிலிருந்து 1 வரை, ஒய் 0-விலிருந்து 1 வரை என்று ஒரு இரட்டைத் தொகை (டபுள் இன்டெக்ரல்) வந்தால், உள்ளே இருக்கும் எக்ஸை முதலில் தொகையிடப் போனால் அங்கேயே நின்றுவிடுவீர்கள். பகுதியை வரைந்தால் அது ஒரு முக்கோணம்தான். வரிசையை மாற்றி ஒய்-யை 0-விலிருந்து எக்ஸ் வரை முதலில் எடுங்கள். வெளியே ஒரு எக்ஸ் வந்து சேரும், அப்புறம் பிரதியிட்டால் விடை (இ − 1)/2, அதாவது சுமார் 0.859. மூன்று பரிமாணத்திலும் இதே வழக்கம்தான்.

புராஜெக்டுக்கு என் பரிந்துரை தகர டப்பா. 500 மில்லி கொள்ளளவுக்கு மிகக் குறைந்த தகரம் எவ்வளவு? ஒருவர் லாக்ராஞ்சு பெருக்கி (ஒரு நிபந்தனைக்குள் மிகச்சிறிய அல்லது மிகப்பெரிய மதிப்பைக் காணும் முறை) வழியாகவும் இன்னொருவர் ஒரு மாறியை நீக்கியும் தனித்தனியாகப் போடட்டும். இருவருக்குமே ஆரம் சுமார் 4.3 செ.மீ., உயரம் அதைப் போல் இருமடங்கு என்று வர வேண்டும். மூன்றாமவர் கடைக்குப் போய் உண்மையான டப்பாக்களை அளக்கட்டும். பல டப்பாக்கள் இந்த விகிதத்தில் இருக்காது, ஏன் என்று தேடுவதுதான் புராஜெக்டின் சாரம். மூடி வட்டத்தைச் சதுரத் தகட்டிலிருந்து வெட்டும்போது வீணாகும் மூலைகளையும் சேர்த்தால் உயரம் ஆரத்தைப் போல் 2.55 மடங்காகிறது.

சரி, வேலையைப் பிரித்தாலும் முழுக் கணக்கையும் ஒவ்வொருவரும் ஒருமுறை தாளில் போட்டுப் பாருங்கள், வாய்மொழித் தேர்வில் யாரைக் கேட்பார்கள் என்று தெரியாது.