இடி எவ்வளவு நேரம் உருள்கிறது? மின்னலை அளக்க ஒரு வழி

மின்னல் எவ்வளவு பெரியது என்று வெளிச்சத்தை வைத்துச் சொல்ல முடியாது. பக்கத்தில் வெட்டினால் சின்னதும் கண்ணைக் கூச வைக்கும். இடியை வைத்துத்தான் அளக்க வேண்டும். ஆறு வருஷமாக ஐப்பசி மழையில் நான் அப்படித்தான் செய்கிறேன்.

செல்போனை ஜன்னலில் சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிடுங்கள். நீங்கள் அறைக்குள் தள்ளி உட்காருங்கள். மொட்டை மாடிக்குப் போகவே கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 நொடிகூட இல்லையென்றால் அடுத்தது உங்கள் மேலேயே விழலாம். கடைசி இடிக்குப் பிறகும் அரை மணி நேரம் வீட்டுக்குள்ளேயே இருங்கள்.

அப்புறம் வீடியோவில் மூன்று நேரங்களைக் குறியுங்கள்: திரை வெளுக்கும் கணம், இடியின் முதல் சத்தம், உருளல் அடங்கும் கணம். மின்னலின் கிட்டத்து முனையிலிருந்து சத்தம் முதலில் வரும், தூரத்து முனையிலிருந்து கடைசியில் வரும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, மின்னி 6-வது நொடியில் மடமடவென்று தொடங்கிய இடி 30-வது நொடியில்தான் முனகி அடங்கியது. கிட்டத்து முனை 2 கிலோமீட்டர், தூரத்து முனை 10 கிலோமீட்டர். ஆக, மின்னல் குறைந்தது 8 கிலோமீட்டர். குறைந்தது என்பது முக்கியம்: கிளைகள் இதில் சேராது, தூரத்துச் சத்தம் காதுக்கு எட்டாமலும் போகும். நடுவில் வேறொரு மின்னல் வெட்டினால் அந்தப் பதிவை ஒதுக்கிவிடுங்கள். மலையடிவாரம் என்றால் எதிரொலி ஏமாற்றும்.

2017 அக்டோபர் 22 அன்று அமெரிக்காவில் டெக்சாஸிலிருந்து கான்சாஸ் சிட்டி பக்கம் வரை ஓடிய மின்னல் 829 கிலோமீட்டர். அதையெல்லாம் செயற்கைக்கோள்தான் அளக்க முடியும்.

சரி, அளந்து என்ன பயன்? மின்னல் பாதையில் காற்று 30,000 டிகிரி வரை சூடாகிறது. நைட்ரஜனும் ஆக்சிஜனும் உடைந்து நைட்ரிக் ஆக்சைடு உண்டாகிறது; காற்று சட்டென்று ஆறிவிடுவதால் அது திரும்பப் பிரிய நேரமே இல்லை. சராசரியாக ஒரு மின்னலுக்கு 250 மோல் (வேதியியலில் பொருளின் அளவைச் சொல்லும் அலகு) என்று கணக்குப் போடுவார்கள், அதாவது ஏழரைக் கிலோ நைட்ரிக் ஆக்சைடு. ஆனால் மின்னலுக்கு மின்னல் இது பல மடங்கு மாறும். அதனால்தான் இந்த வாயுவைக் கணக்கிட மின்னல்களின் எண்ணிக்கை மட்டும் போதாது, ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது என்பதும் வேண்டும். என் 8 கிலோமீட்டரை வைத்து நேராகப் பெருக்கவும் முடியாது, மின்னோட்டமும் காற்றழுத்தமும் குறுக்கே வரும். இந்த வாயு தரையருகே சில மணி நேரத்தில் கரைந்துவிடும். மேகத்தின் உச்சியிலோ நாள்கணக்கில் தங்கி, வெயிலில் ஓசோன் உண்டாகக் காரணமாகிறது.

மழை தூறலானதும் வீடியோவை நிறுத்திவிடாதீர்கள். மேகக் கூட்டத்தின் வால் பகுதியில் மின்னல் எப்போதாவதுதான் வெட்டும், ஆனால் நீளமாக ஓடும். என் 8 கிலோமீட்டரும் தூறலில் வந்ததுதான்.