ஹெலிகொப்டர் பழகப் போகிறீர்களா? பாதிக் காசோடு கிளம்பாதீர்கள்

போன ஆவணியில் ஊருக்கு வந்திருந்தபோது, திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தைக்கு ஒரு தம்பி ஃபைலோடு வந்தார். வயது 21. அமெரிக்கப் பயிற்சிப் பள்ளி ஒன்றின் அனுமதிக் கடிதம், அம்மாவின் நகை அடகு வைத்த துண்டு, வங்கிக் கணக்குப் பிரதி எல்லாம் அதற்குள் இருந்தன. கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். தேவையான காசில் பாதிகூட வரவில்லை. "மிச்சத்தை அங்க போய்ப் பார்க்கலாம் அண்ணா" என்றார். 2011இல் நான் என் அப்பாவிடம் சொன்னதும் இதே வசனம்தான்.

அதனால்தான் எழுதுகிறேன். ஆங்கிலம் வேண்டும், பாஸ்போர்ட் திகதியைப் பாருங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியவை இல்லை. அவற்றை விடுகிறேன். சீனக்குடாவில் விமானப்படை அகாடமி இருப்பதால் பறக்கும் ஆசை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே தொற்றிக்கொள்கிறது. ஆனால் அங்கே பழகுவது படையில் சேர்ந்தவர்கள். நான் எழுதுவது சொந்தக் காசில் பழகப் போகிறவர்களுக்கு. நான் பழகியது அமெரிக்காவில் என்பதால், கீழே வரும் விதிகள் அந்த நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் விதிகள். கீழே ஒவ்வொரு தலைப்பும் தவிர்க்க வேண்டிய ஒரு தவறு.

பாதிக் காசோடு கிளம்புவது

தனியார் விமானி லைசன்ஸுக்குக் குறைந்தது 40 மணிநேரம் பறக்க வேண்டும். அதில் 20 மணிநேரம் ஆசிரியரோடு, 10 மணிநேரம் தனியாக. எல்லோரும் இந்த 40ஐத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். மணிக்கு இவ்வளவு என்று 40ஆல் பெருக்கி, வந்த தொகையில் பாதியைத் திரட்டியதும் டிக்கட் போடுகிறார்கள். நாற்பது என்பது சட்டம் போட்ட அடிக்கோடு. என்னோடு பழகிய ஒருவர்கூட அந்தக் கணக்கில் பரீட்சைக்குப் போனதில்லை. 60, 65 என்றுதான் போனது.

காரணம், ஹெலிகொப்டர் கைக்குப் பழக வேண்டிய ஒன்று. வலது கையில் போகும் திசைக்குச் சாய்க்கும் சைக்கிளிக், இடது கையில் ஏற்றி இறக்கும் கலெக்டிவ், இரண்டு காலிலும் மூக்கைத் திருப்பும் பெடல். ஒன்றை அசைத்தால் மற்ற இரண்டும் ஈடு கேட்கும். நிலத்திலிருந்து நாலைந்து அடி உயரத்தில் ஒரே இடத்தில் நிற்க வைப்பதற்கு ஹோவர் என்று பெயர். அது பிடிபடவே எனக்கு ஒன்பது மணிநேரம் போனது. பிடிபட்ட அன்று எப்படி வந்தது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. கைக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

அப்படிக் கைக்கு வந்தது இடைவெளி விட்டால் போய்விடும். இதைத்தான் எனக்கு யாரும் சொல்லவில்லை.

28 மணிநேரத்தில் என் காசு முடிந்தது. பெரும்பாலான பள்ளிகளில் இருப்பது ரொபின்சன் ஆர்22 என்ற இரண்டு இருக்கைச் சின்ன ஹெலிகொப்டர். அதில் ஆசிரியரோடு 20 மணிநேரம் முடிக்காமல் மாணவர் தனியாகப் பறக்க முடியாது. நான் 24ஆவது மணிநேரத்தில் தனியாகப் பறந்திருந்தேன். எழுத்துப் பரீட்சையும் எழுதித் தேறியிருந்தேன். பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது, மிச்சத்தை உழைத்துவிட்டு வந்து தாண்டலாம் என்றுதான் 2012 தொடக்கத்தில் ஊருக்குத் திரும்பினேன். மறுபடி போக 26 மாதம் ஆனது.

திரும்பிப் போன முதல் நாள், சைக்கிளிக்கைப் பிடித்த அரை நிமிடத்தில் ஆசிரியர் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். ஹோவர் போயிருந்தது. அதைவிட முக்கியமானதும் போயிருந்தது. பறக்கும்போது எஞ்சின் நின்றால் கலெக்டிவ்வை உடனே கீழே இறக்க வேண்டும். அப்போதுதான் கீழிருந்து வரும் காற்று இறக்கையைத் தொடர்ந்து சுழற்றும், இறங்கலாம். இதுதான் ஓட்டோரொட்டேஷன். ஆர்22இன் இறக்கை பாரம் குறைந்தது, வேகம் மளமளவென்று விழும். ஒரு வினாடிக்குள் கை இறங்க வேண்டும். யோசித்து இறக்கினால் பிந்திவிடும். என் கை யோசித்தது. இப்படி இருக்கையில் தனியாக விட முடியாது என்றார் ஆசிரியர். அவர் சொன்னது சரி.

தனிப்பறத்தலுக்கான ஒப்புதல் 90 நாளோடு முடிந்திருந்தது. எழுத்துப் பரீட்சை முடிவு 24 மாதத்துக்குத்தான் செல்லும், அதுவும் கடந்திருந்தது. திரும்ப விசா, திரும்ப டிக்கட், திரும்பப் பரீட்சைக் கட்டணம். பறந்த நேரத்தைப் பதியும் லொக்புக்கில் எழுதிய 28 மணிநேரம் மட்டும் அழியவில்லை. ஆனால் பழையதை மீட்கவே 12 மணிநேரம் பறந்தேன். மொத்தம் 67 மணிநேரத்தில் லைசன்ஸ் வந்தது. ஆர்22ஐ மணிக்கு 300 டொலருக்குக் கீழே காண்பது அரிது. அந்த 12 மணிநேரத்தை நீங்களே பெருக்கிப் பாருங்கள். அப்பா தம்பலகாமத்து வயலில் ஒரு துண்டை விற்றுத் தந்த காசு அது. இத்தனை வருடம் கழித்தும் அந்த 12 மணிநேரம் நெஞ்சில் முள்ளாகத்தான் கிடக்கிறது.

கிண்ணியாத் தம்பி ஒருவர் 2021 கடைசியில் போனார். அவரிடமும் பாதிதான் டொலராக இருந்தது, மீதி வாப்பாவின் கணக்கில் ரூபாயாக இருந்தது. போகும்போது ஒரு டொலர் 200 ரூபாய். 2022 மே மாதம் 360. வாப்பாவின் கணக்கில் ஒரு சதம் குறையவில்லை, ஆனால் அதற்கு வாங்கக்கூடிய பறத்தல் நேரம் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. 31 மணிநேரத்தோடு திரும்பி வந்தார். இன்னும் லைசன்ஸ் எடுக்கவில்லை.

"போய்க் காலை வை, மிச்சம் தானாக வரும்" என்று சொல்லும் ஏஜென்டுகளைக் கண்டால் எனக்கு இப்போதும் பொறுக்க முடிவதில்லை. எந்தப் பிள்ளை எத்தனையாவது மணிநேரத்தில் திரும்பி வந்தாலும் அவர்களுக்குத் தரகு கிடைத்திருக்கும்.

சரி, என்ன செய்வது? தனியார் லைசன்ஸுக்கு 70 மணிநேரம் என்று கணக்குப் போடுங்கள். தங்குமிடம், சாப்பாடு, பரீட்சைகள், ஒரு பரீட்சை தவறினால் மீண்டும் எழுதும் செலவு எல்லாவற்றையும் சேருங்கள். அது முழுவதும், செலவழிக்கப் போகும் நாணயத்திலேயே, கையில் இருக்கும்போது கிளம்புங்கள். கிழமைக்கு மூன்று நான்கு நாள் பறக்க முடிய வேண்டும். காசு சேரவில்லையென்றால் இரண்டு வருடம் உழையுங்கள், வீட்டில் இருந்தே பாடத்தைப் படியுங்கள். எஃப்.ஏ.ஏ. தன் ஹெலிகொப்டர் பாடநூலை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. 21 வயதில் தொடங்கினாலும் 24இல் தொடங்கினாலும் ஹெலிகொப்டருக்கு ஒன்றுதான். அந்தத் தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன். முகம் வாடித்தான் போனார்.

முழுக் காசையும் முதல் நாளே கட்டுவது

காசு முழுவதும் உங்கள் கணக்கில் இருக்க வேண்டும் என்றேன், பள்ளியின் கணக்கில் என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் சில்வர் ஸ்டேட் ஹெலிகொப்டர்ஸ் என்ற பெரிய பயிற்சி நிறுவனம் 2008 பெப்ரவரியில் திடீரென்று மூடப்பட்டது. ஆளுக்கு ஏறத்தாழ 70,000 டொலர், பலர் கடன் எடுத்து, முன்கூட்டியே கட்டியிருந்தார்கள். நடுத்தெருவில் நின்ற மாணவர்கள் 2,500க்கும் மேல். மொத்தமாகக் கட்டினால் கழிவு தருகிறோம் என்பார்கள். வேண்டாம். இரண்டாயிரம், மூவாயிரமாகக் கட்டுங்கள். மிஞ்சியதைத் திருப்பித் தரும் நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள்.

மருத்துவச் சான்றிதழைப் பிறகு பார்ப்பது

பறக்க உடல் தகுதி உண்டு என்று காட்டும் சான்றிதழ்களில் உயர்ந்ததான முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் கைக்கு வராமல் ஒரு டொலரும் அனுப்ப வேண்டாம்.

150 மணிநேரத்தில் வேலை என்று நம்புவது

வணிக லைசன்ஸுக்கு 150 மணிநேரம் போதும். அதில் 50 ஹெலிகொப்டரில் இருந்தால் சரி, மீதியைச் சாதாரண விமானத்திலும் பறந்திருக்கலாம். விமானத்தில் மணிநேரம் மலிவு என்பதால் சிலர் அதில் நிரப்பிக்கொள்கிறார்கள். அப்புறம்தான் தெரியவருகிறது: புதியவருக்குக் கிடைக்கும் முதல் வேலை பெரும்பாலும் பயிற்றுநர் வேலை, ஆர்22இல் கற்பிக்கவோ 200 மணிநேரம் ஹெலிகொப்டரிலேயே வேண்டும், அதில் 50 ஆர்22இல். மலிவாகச் சேர்த்தது அங்கே செல்லாது. எம்-1 என்ற தொழிற்பயிற்சி மாணவர் விசாவில் படிக்கிறவர் படிக்கும் காலத்தில் வேலை செய்யவும் முடியாது. எந்த விசாவில் போகிறோம், அந்த 200ஐ எந்தக் காசில் எட்டப்போகிறோம் என்பதைக் கிளம்புமுன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

உடல் எடையைக் குறைத்துச் சொல்வது

ஆர்22இன் சொந்த எடை, எரிபொருள், ஆட்கள் எல்லாம் சேர்த்து 622 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. ஒரு இருக்கைக்கு 109 கிலோ. கூச்சப்பட்டு ஐந்து கிலோ குறைத்துச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தராசில் ஏறுங்கள். வெயில் ஏற ஏறக் காற்று மெலிந்து, எஞ்சினும் இறக்கையும் சேர்ந்தே பலம் குறையும். கச்சான் அடிக்கும் மதியத்தில் நிலாவெளிக் கடற்கரையில் நின்றால் தெரியும் அந்த அனலில், காலையில் சுலபமாக எழும்பிய அதே பாரம் எழும்பத் திணறும். கையேட்டிலுள்ள அட்டவணையை ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

லொக்புக்கைக் கிழமைக் கடைசியில் எழுதுவது

அன்றன்றே எழுதுங்கள். ஆசிரியரின் கையொப்பத்தையும் அன்றே வாங்குங்கள். ஊருக்கு வந்து இலங்கை லைசன்ஸ் கேட்கும்போது சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை உங்கள் மணிநேரங்களைப் பார்க்கும், லைசன்ஸைத் தந்த நாட்டிடமும் உறுதி கேட்கும். அதற்குள் உங்கள் ஆசிரியர் வேறு நாட்டில் வேலைக்குப் போயிருப்பார்.