கடை சாத்தும் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்கு வந்து 14 வருடம் ஆகிறது. முதலில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை, அப்புறம் அங்கேயே மேனேஜர். இப்போது இதே ஊரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் சொந்தமாக மசாலாக் கடை வைத்திருக்கிறேன், 12 பேர் வேலை செய்கிறார்கள். மூன்று பக்கமும் இருந்து பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். வேலை எத்தனை மணிக்கு முடியும் என்று தெரியாதவரால் வீட்டுக்கு நேரம் ஒதுக்கவே முடியாது. அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் என்றால் ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், வீட்டுக்கு வந்தும் பார்த்த வேலை எல்லாவற்றையும் நான்கு வாரம் எழுதுங்கள். நான் எழுதிக் கூட்டியபோது வாரத்துக்கு 58 மணி நேரம் வந்தது. ஐம்பதைத் தாண்டாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இங்கே 1997ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி வழக்கமான வேலை வாரத்துக்கு 45 மணி நேரம்தான். ஓவர்டைம் நீங்கள் சம்மதித்தால் மட்டுமே, அதற்கு ஒன்றரை மடங்கு சம்பளம். இன்றைய வேலை முடிந்து நாளைய வேலை தொடங்க 12 மணி நேர இடைவெளி வேண்டும். வாரத்தில் ஒரு தடவை சேர்ந்தாற்போல 36 மணி நேரம் ஓய்வு. உயர் மேலாளர்களுக்கும் அரசு வைத்திருக்கும் வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குபவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது, அதனால் உங்கள் ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். நோட்டோடு போய்ப் பேசினால் வெறும் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது.

மேனேஜர்கள் கவனிக்க வேண்டியது இரவு நேர வாட்ஸ்அப். ஒருநாள் இரவு பதினொன்றரைக்கு என் குழுவில் இருந்த ஒரு பெண்ணுக்கு, "காலையில் பார்த்தால் போதும்" என்று சொல்லியே ஒரு செய்தி அனுப்பினேன். இரண்டே நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. மறுநாள் கேட்டால், குழந்தைக்குக் காய்ச்சல், மடியில் போட்டுக்கொண்டு ஒரு கையால் டைப் செய்தாளாம். "அனுப்பியது நீங்களாச்சே அக்கா, எப்படிப் பார்க்காமல் இருக்க முடியும்?" என்றாள். எனக்கு மனசே ஆறவில்லை. அன்றிலிருந்து இரவில் தோன்றுவதைத் தாளில் குறித்து வைத்து, காலை எட்டு மணிக்கு மேல்தான் அனுப்புகிறேன். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் எடுக்க, வேலையில் நான்கு மாதம் தாண்டியவர்களுக்குச் சம்பளத்தோடு வருடத்துக்கு 3 நாள் குடும்ப விடுப்பு சட்டத்திலேயே இருக்கிறது. அது பலருக்குத் தெரியாது. அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

முதலாளிகளே, லீவு அட்டவணையை ஜனவரியிலேயே எல்லோரோடும் உட்கார்ந்து போடுங்கள். தீபாவளி இங்கே அரசு விடுமுறை இல்லை. ஆனால் 1994ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டப்படி, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் ஓர் அரசு விடுமுறையை வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். என் கடையில் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் செப்டம்பர் 24 பாரம்பரிய தினத்தில் வேலைக்கு வந்துவிட்டு, அதற்குப் பதில் தீபாவளியன்று லீவு எடுக்கிறார்கள். இந்த நாட்டு ஜூலு இனச் சகோதரர்களுக்கு அதே செப்டம்பர் 24 அவர்களுடைய ஷாகா மன்னர் நினைவு நாள், அன்று அவர்கள் வீட்டில் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் சந்தோஷம். வாய்ப்பேச்சோடு விடாமல் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது சாவியைக் கொடுப்பதுதான். மிளகாய் வறுப்பதும் அரைப்பதும் நான் நின்றால்தான் சரியாக வரும் என்று ஆறு வருடம் நம்பினேன். இப்போது புதன்கிழமை நாலு மணிக்கு மில் பார்க்கும் அண்ணனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போகிறேன். முதல் மாதம் மூன்று கிலோ மிளகாய் கருகியது. போகட்டும் என்று விட்டேன், அடுத்த வாரமும் சாவியைக் கொடுத்தேன். அப்போதெல்லாம் நீச்சல் குளத்தருகே உட்கார்ந்து பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நான்தான் போன் செய்துகொண்டிருந்தேன். இப்போது மில் நின்றுபோனால் மட்டும் அவர் கூப்பிடுவார்.